மச்சம் எந்தப் பக்கம்

ஜூன் 4

வாலு,

போனில் பேசினால் நான் கத்துவேன், நீ அழுவாய், கடைசியில் ஆளுக்கொரு பக்கம் மூக்கைச் சிந்திக்கொண்டு வைத்துவிடுவோம். அதனால் எழுதுகிறேன். நீயும் எழுதியே பதில் சொல். போன் செய்தால் எடுக்க மாட்டேன்.

உன் கண்காட்சி அழைப்பிதழ் வந்தது. நீ தனியாக நடத்தும் முதல் கண்காட்சி என்று வாசித்ததும் வயிறு குளிர்ந்தது, அதை மறைக்க மாட்டேன். லேபில் வைத்துத்தான் கவரைப் பிரித்தேன். பாதி அடுக்கிய பல் செட்டை அப்படியே போட்டுவிட்டு, கையில் ஒட்டிய மெழுகைக்கூடத் துடைக்காமல் அட்டையைத் திருப்பினேன். திருப்பினால் நான்!

தொளதொள சட்டை ஒரு தோளிலிருந்து நழுவிக் கிடக்கிறது. தலை சீவவில்லை. ஒரு பாதத்தின் மேல் இன்னொரு பாதத்தை வைத்துக்கொண்டு, யாரோ அதட்டிக் கூப்பிட்டது போல நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். இடது தாடையில் என் மச்சம், எள்ளு உருண்ட மாதிரி, அதே இடத்தில். கீழே அளவு வேறு போட்டிருக்கிறாய். ஒரு சுவரையே அடைக்கும் போலிருக்கிறது.

இனிமேல் என்னை வரைய மாட்டேன் என்று சத்தியம் செய்தாயா இல்லையா? ஏன் அந்தச் சத்தியத்தை வாங்கினேன் என்பது ஞாபகம் இருக்கிறதா, நானே சொல்லட்டுமா? நான் சோபாவில் வாயைப் பிளந்து தூங்கியதை வரைந்து விற்றாய். வாங்கினது யார்? பல் டாக்டர். அதுவும் எங்கள் லேபில் செட் வாங்குகிற பல் டாக்டர். அவர் அதை நோயாளிகள் காத்திருக்கும் அறையில் மாட்டினார். நான் செட்டைக் கொடுக்கப் போனால் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் எழுந்தே வந்துவிட்டார். "ஏம்மா, மேல கடைவாய்ப் பல்லு ரெண்டு அடைச்சிருக்க போலிருக்கே?" என்று கேட்டார். அவர் சொன்னது சரி. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அதற்கப்புறம் நீயும் நானும் என்ன பேசிக்கொண்டோம்? பிறந்தநாளுக்கு ஒரு வாழ்த்து. வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் ஒரு விசாரிப்பு. எனக்கும் அது பிடித்துப்போய் ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் நீ மறுபடி ஆரம்பித்துவிட்டாய்.

அந்தப் படம் சுவரில் ஏறக் கூடாது. மற்றது எதை வேண்டுமானாலும் மாட்டிக்கொள்.

அக்கா

*

ஜூன் 8

அக்கா,

உன் கையெழுத்தைக் கவரில் பார்த்ததும் மாடிப்படியிலேயே உட்கார்ந்து பிரித்தேன். கீழ்வீட்டு அம்மா காய்கறிப் பையோடு என்னைத் தாண்டிப் போக வழியில்லாமல் நின்றார். "யாரு லெட்டர்?" என்றார். "எங்கக்கா திட்டியிருக்கா," என்றேன். "அதுக்கா இப்படிப் பல்லைக் காட்டுற?" என்று கேட்டுவிட்டுப் போனார். இவ்வளவு நீளமாக நீ என்னைத் திட்டி எத்தனை நாளாயிற்று!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அது நீ இல்லை. நான்.

சிரிக்காதே. நீ சிரிக்க மாட்டாய், பல்லைக் கடிப்பாய். அதையும் செய்யாதே. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து என்னையே வரைந்தேன். எனக்கு மச்சம் வலது தாடையில். கண்ணாடியில் தெரிவதை அப்படியே கேன்வாஸில் இறக்கினால், படத்தில் இருக்கிறவளுக்கு அது இடது தாடைக்குப் போய்விடும். தன்னைத்தானே வரைகிற எல்லோருக்கும் இதே கதிதான். ஒரு வயது வித்தியாசத்தில் பிறந்து, அச்சில் வார்த்த மாதிரி முகம், ஆளுக்கொரு பக்கம் மச்சம் என்று நாம் இருந்தால் நான் என்ன செய்ய? ஒருமுறை மச்சத்தைச் சுரண்டிவிட்டு வலப்பக்கம் வைத்துப் பார்த்தேன். முகமே யாரோ பக்கத்து வீட்டுக்காரி மாதிரி ஆகிவிட்டது. பேசாமல் பழைய இடத்திலேயே வைத்தேன்.

நம்பாவிட்டால் வாயைப் பார். விடிந்தால் அடைந்தால் ஊரார் வாயைப் பார்க்கிறவள் நீ, இதில் மட்டும் வாயைப் பார்க்காமல் விட்டாயா? கீழ் உதட்டில் நடுவே ஒரு வெட்டுப் பள்ளம் இருக்கும். பள்ளிக்கூடப் படிக்கட்டில் விழுந்து வாங்கியது. நீதான் உன் கைக்குட்டையை வைத்து அழுத்திக்கொண்டு வீடு வரைக்கும் கூட்டிவந்தாய்.

அந்தப் படம் நடுச்சுவரில் வருகிறது. கேலரி நடத்துகிற மேடம் அதைப் பார்த்துவிட்டுத்தான் எனக்கு இடமே கொடுத்தார். மற்றப் படங்கள் எல்லாம் அதற்குப் பிறகு அதிலிருந்து வந்தவை. அதை எடுத்துவிட்டால் மீதி எல்லாம் கல்யாணப் பெண் இல்லாத கல்யாணம்தான். எடு என்று மட்டும் சொல்லாதே, அக்கா.

வாலு

*

ஜூன் 11

வாலு,

யார் காதில் பூ சுற்றுகிறாய்?

லேபில் பல்லின் விளிம்பு பார்க்கிற லென்ஸை வைத்துப் பார்த்தேன். உதட்டில் பள்ளம் இருக்கிறது. சரி, அது உன் உதடுதான், ஒத்துக்கொள்கிறேன். கண்ணாடிக் கணக்கும் புரிந்தது. குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று மச்சத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சின்னவன் கதவைத் தட்டி, "அம்மா, உள்ளே யார்கூடப் பேசுற?" என்கிறான்.

ஆனால் உட்கார்ந்திருக்கிற விதம்? பாதத்தின் மேல் பாதம், கட்டைவிரல் உள்ளே மடங்கி, ஒரு பக்கம் சாய்ந்த முதுகு. அது என்னுடையது. உனக்கு உட்கார்ந்தால் ஒரு நிமிஷம் கால் சும்மா இருக்குமா? மேஜையே ஆடும். என் உடம்பில் உன் உதட்டை ஒட்டியிருக்கிறாய், ஒருத்தர் செட்டை இன்னொருத்தருக்கு மாட்டுகிற மாதிரி. அப்படி மாட்டினால் என்ன ஆகும் தெரியுமா? ஈறு புண்ணாகும். இங்கே அதுதான் ஆகியிருக்கிறது.

உன் அத்தானும் அட்டையைப் பார்த்தார். என்ன சொன்னார் என்று எழுத மாட்டேன்.

எடு.

அக்கா

*

ஜூன் 14

அக்கா,

ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாய். உனக்குக் கோபத்தின் மேல் கோபம் வந்தால்தான் கடிதம் சின்னதாகும். அதனால் நான் இன்றைக்கு உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன்.

சத்தியம் செய்துகொடுத்த பிறகு எனக்கு வரைய ஆளே இல்லை. சின்ன வயதிலிருந்து உன்னைத் தவிர யாரை வரைந்தேன்? ஜன்னல் பக்கம் உன்னை உட்கார வைத்து, "அசையாதே, அசையாதே" என்று உயிரை வாங்கியே கை பழகிவிட்டது. நடுவில் அந்த போட்டோக்காரன் வந்தான், உனக்குத் தெரியும். அவனை வரைந்தேன், விழுந்து விழுந்து வரைந்தேன். காதலித்த காலத்தில் கை நிற்கவே இல்லை. என் படங்களில் அவன் அவனைவிட அழகாக இருந்தான். கொஞ்ச நாளில் அவனே அதை நம்பவும் ஆரம்பித்துவிட்டான். போகும்போது, "நீ என்னை வரைஞ்சதுல நீ எங்கேயுமே இல்லையே" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் வாழ்க்கையில் சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை அதுதான். எனக்கு அப்போது அது விளங்கவில்லை.

பிறகு யாரும் இல்லை. பழைய பீரோக் கதவு ஒன்றை, கண்ணாடியோடு, கடையிலிருந்து தூக்கிவந்து சுவரில் சாய்த்தேன். என்னை வரைய ஆரம்பித்தேன். தாங்க முடியாது, அக்கா. போலீஸ் ஸ்டேஷனில் ஒட்டுகிற படம் மாதிரி வந்தது ஒவ்வொன்றும். மூக்கு பெரிசா, இன்னும் பெரிசாகப் போடுவேன். கண்ணுக்குக் கீழே கருப்பா, இன்னும் நாலு கோடு. கடன்காரியைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தேன். இதுதான் உண்மை, இதுதான் தைரியம் என்று வேறு நினைத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் வெள்ளை அடித்து மூடினேன்.

ஒருநாள் காய்ச்சல். டிராயிங் வகுப்பு எடுக்கப் போகாமல், பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருந்தேன். காலாட்டக்கூடத் தெம்பில்லை. தற்செயலாகக் கண்ணாடியைப் பார்த்தால், நீ உட்கார்ந்திருக்கிறாய். பாதத்தின் மேல் பாதம், சாய்ந்த முதுகு, தாடையில் மச்சம். "அக்கா வந்துட்டா" என்று வாய்விட்டே சொன்னேன். காய்ச்சல்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பிரஷ் கைக்கு வந்துவிட்டது.

உன்னை வரையும்போது நான் குறை தேடினதே கிடையாது. உன் தாடைக்குக் கீழே கொஞ்சம் சதை விழுந்தால், அங்கே வெளிச்சம் எப்படி இறங்குகிறது என்றுதான் என் கண் போகும். கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்தால் அதில் நீலம் எவ்வளவு, பழுப்பு எவ்வளவு என்று பார்ப்பேன். அன்றைக்கு அதே கண்ணால் என்னைப் பார்த்துவிட்டேன். பாதியில் அது நான்தான் என்று தெரிந்தது. தெரிந்த பிறகும் கண் மாறவில்லை. என் மூக்கு நல்ல மூக்கு, அக்கா! சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்கு என்னைப் பிடித்துப்போனது. அதற்கப்புறம் படம் படமாக வந்தது, பாத்திரம் கழுவும் கை, முதுகு, பாதி முகம், எல்லாம் என்னுடையவை, ஒன்றைக்கூட நான் மூடவில்லை.

ஆகையால் நீ சொன்னதும் பொய்யில்லை. அதில் நீ இருக்கிறாய். ஆனால் படம் நான்.

இருபதாம் தேதி திறப்பு. அதற்குள் ஒரு வரி எழுது. மாட்டு என்றால் மாட்டுகிறேன். எடு என்றால் எடுத்துவிடுகிறேன், சத்தியமாக. மறுபடியும் உன்னோடு பேசாமல் இருக்க என்னால் ஆகாது.

வாலு

*

ஜூன் 18

வாலு,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு நாலு தடவை எழுதி நாலையும் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

உன் அத்தான் என்ன சொன்னார் என்றால், அட்டையை எடுத்தார், கண்ணாடியைக்கூடப் போடவில்லை, "உன் தங்கச்சியா? நல்லா வந்திருக்கே," என்றார். "நான்தாங்க இது," என்றேன். "நீயா? நீ எங்க இப்படி நேராப் பார்ப்ப? போட்டோன்னாலே ஜன்னலைத் தேடுவியே," என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். அவர் கேலியாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் குத்தியது.

அவர் சொன்னது பொய்யாகட்டும் என்று நீ அனுப்பிய பழைய படங்களை எல்லாம் போனில் தேடிப் பார்த்தேன். உன் படம் ஒன்றில்கூட நான் உன்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்க்கிறேன், தரையைப் பார்க்கிறேன், இல்லாவிட்டால் வாயைப் பிளந்து தூங்குகிறேன். பார்க்கிற வேலை உன்னுடையது என்று மொத்தமாக உன்னிடம் ஒப்படைத்துவிட்டேன் போலிருக்கிறது.

கவரைப் பிரித்ததும் அது நான்தான் என்று ஏன் நினைத்தேன் தெரியுமா? மச்சம், பாதம் எல்லாம் அப்புறம் தேடிப் பிடித்த சாக்கு. நாள் முழுக்க வாயைப் பார்க்கிறவள் வாயைப் பார்க்காமல் விட்டதும் அதனால்தான். அவளாக இருக்க எனக்கு ஆசை. அப்படி நிமிர்ந்து, "என்ன வேணும்?" என்று கேட்கிற மாதிரி பார்க்க ஆசை. என்னை அப்படிப் பார்க்க இன்னும் ஒருத்தி இருக்கிறாளே என்று, அத்தனை கோபத்துக்கும் அடியில், சந்தோஷமாக இருந்தது. நீ "அது நீ இல்லை, நான்" என்று எழுதினாயே, அந்த வரியில் என் கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. அதற்குத்தான் எடு எடு என்று குதித்தேன்.

வரையாதே என்று சொன்னது நான். வரையாமலே இருந்துவிட்டாளே என்று ஏங்கினதும் நான். இதை எந்த நியாயத்தில் சேர்ப்பது, நீயே சொல். டாக்டர் அறையில் அந்தப் பெரியவர் கேட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது உண்மை. ஆனால் கூட்டத்தில் ஒருத்தி, "எவ்ளோ நிம்மதியாத் தூங்குறா பாரு" என்று பெருமூச்சு விட்டாள். அதை உன்னிடம் இதுவரை சொன்னேனா?

உனக்கு உன்னைப் பிடித்துப்போனது என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்துவிட்டு லேபில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான், கொஞ்சம் பொறாமையிலும்தான். ரெண்டையும் பிரிக்கத் தெரியவில்லை.

படத்தை எடுக்காதே. எடுத்தால் தொலைத்துவிடுவேன்.

அக்கா

*

ஜூன் 19

அக்கா,

இன்றைக்கும் தபால் வரவில்லை. நீ பேசாமல் இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

எடுத்துவிட்டேன். கேலரி மேடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "நாளைக்குத் திறப்பை வெச்சுக்கிட்டு நடுச்சுவரை மொட்டையா விடுறியே, பைத்தியமா உனக்கு?" என்று கத்தினார். நானே ஆணியிலிருந்து இறக்கினேன். துணி சுற்றி உள்ளே வைத்தாயிற்று.

திறப்புக்கு நான் நிற்கப் போவதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஓவிய முகாமுக்கு அழைத்துப்போக ஆள் தேடினார்கள். நான் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு வாரம் ஊரில் இருக்க மாட்டேன்.

உன் மேல் கோபமில்லை என்று எழுத ஆசைதான். இன்றைக்கு முடியவில்லை. கோபம் இருக்கிறது, நிறைய இருக்கிறது. ஆனால் படத்தைவிட நீ வேண்டும்.

வாலு

*

ஜூன் 24

வாலு,

உன் அறையில், உன் ஸ்டூலில் உட்கார்ந்து எழுதுகிறேன். என் போன கடிதம் உன் கதவுக்கு அடியில் பிரிக்காமல் கிடந்தது. நீ இதைப் பிரிப்பதற்கு முன்னால் அதைப் படி. அதை முதலில் வைத்து, இதைக் கீழே வைத்திருக்கிறேன். உன் அவசரத்துக்கு இதைத்தான் முதலில் எடுப்பாய் என்று தெரியும், ஆனாலும் சொல்கிறேன்.

உன் பத்தொன்பதாம் தேதிக் கடிதம் லேபுக்கு வந்ததும் ஓனரிடம் போய் லீவு கேட்டேன். "யாருக்கும்மா உடம்பு சரியில்ல?" என்றார். "யாருக்கும் இல்ல சார், ஒரு படத்தை மாட்டணும்," என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். கொடுத்துவிட்டார்.

கீழ்வீட்டு அம்மா வாசலில் என்னைப் பார்த்து, "அதுக்குள்ள வந்துட்டியா?" என்றார். பக்கத்தில் வந்து, மச்சத்தைப் பார்த்து, "அட, இந்தப் பக்கம்! நீதான் திட்டுற அக்காவா?" என்று சாவியைக் கொடுத்தார். என் பேர் இந்தத் தெருவில் நன்றாகத்தான் இருக்கிறது.

இன்று காலை கேலரிக்குப் போனேன். நடுச்சுவரில் ஆணி மட்டும் இருந்தது. வருகிறவர்கள் அந்த இடத்துக்கு வந்ததும் கொஞ்சம் திகைத்துவிட்டு அடுத்த படத்துக்குப் போகிறார்கள். பாத்திரம் கழுவும் கை நன்றாக இருக்கிறது. முதுகு அதைவிட. மேடம் என்னைக் கண்டதும் கையைக் கட்டிக்கொண்டு, "என்ன, மீதியையும் எடுக்கச் சொல்ல வந்தீங்களா?" என்றார். வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டியதுதானே, வாங்கிக்கொண்டேன். "மாட்ட வந்தேன்," என்றேன். கட்டிய கையை அவிழ்த்து, படம் இருந்த உள்ளறைக்குக் கூட்டிப்போனார். "அந்தப் பக்கம் பிடிங்க," என்றார்.

இரண்டு பேரும் தூக்கி மாட்டினோம். நான் பின்னால் நடந்து போய்ச் சுவரோடு சுவராக நின்று பார்த்தேன். அட்டையில் பார்த்து எப்படித்தான் ஏமாந்தேனோ! அது நீ. வாசலிலிருந்து பார்த்தாலே நீ. உதடு, கண், அந்தத் திமிர் எல்லாம் நீ. நான் எங்கே இருக்கிறேன் என்று தேடினேன். பாதத்தில் இருக்கிறேன். அங்கே இருப்பது எனக்குப் போதுமாக இருந்தது. அவ்வளவு பெரிய சுவரில் என் தங்கை ஒருத்தருக்கும் பயப்படாமல் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, மேடம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். பதினெட்டாம் தேதிக் கடிதத்தைப் போட்டுவிட்டு வந்த அன்று, மதியச் சாப்பாட்டு நேரத்தில், செட்டுக்கு உருக்கிய மெழுகில் மீதி இருந்தது. ரோஸ் நிற மெழுகு. உருட்டினேன். காலேஜில் களிமண்ணை வைத்துக்கொண்டு உன் தலை, அப்பா தலை, வாத்தியார் தலை என்று தலை தலையாகச் செய்தேனே. என் தலையை மட்டும் ஒருநாளும் செய்ததில்லை, தோன்றவே இல்லை. நோயாளிக்குப் பல்லின் நிறம் காட்டுகிற கைக்கண்ணாடியைப் பாட்டிலில் சாய்த்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். முதல் நாள், நீ சொன்ன அதே கதைதான், கடன்காரி மாதிரிதான் தெரிந்தேன். தாடையைப் பார்த்தால் பயமாக இருந்தது. பிறகு, வாலு இந்த முகத்தை எப்படி அவ்வளவு நேரம் சலிக்காமல் பார்த்தாள் என்று யோசித்தேன். அது மாதிரி பார்க்க முயன்றேன். இன்னும் சரியாக வரவில்லை. ஆனால் மறுநாளும் சாப்பிட மறந்துவிட்டேன். ஓனர் வந்து பார்த்து, "இதுக்கு எத்தனை பல்லும்மா?" என்றார். வாய் மூடியிருக்கும் சார் என்றேன். இந்தத் தடவை மூடித்தான் இருக்கும்.

சாயங்காலம் கேலரியில் கூட்டம் வந்தது. நான் உன் படத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன், யாராவது எடுத்துவிடுவார்கள் என்பது போல. வேலை முடிந்து வந்த ஒரு பெண், தோளில் கனமான பை, படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் படத்தைப் பார்த்தாள்.

"இது நீங்கதானே?" என்றாள்.

நான் ஜன்னலைத் தேடவில்லை, வாலு. அவளை நேராகப் பார்த்தேன்.

"இல்லம்மா, இது என் தங்கச்சி," என்றேன். "என்னை நான் செஞ்சிட்டு இருக்கேன். இப்போ மூக்குகிட்ட நிக்குது."

அக்கா